மாடி வால்வை அடைத்தவர்

கணவர் இறந்த மறுவருடம் எங்கள் செஞ்சி வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டேன். குடிவந்த பெண் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். கூட அவள் அம்மா. மூன்று மாதம் மாடியில் ஆள் இருக்கிற சத்தமே கேட்டதில்லை.

அடுத்த வீட்டிலிருக்கும் என் கொழுந்தனார் ஒரு நாள் காலையில் வந்தார்.

"அண்ணி, மேல இருக்கிறவங்க இன்னா ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா? தொண்டூர் பக்கம் காலனியாம்."

"வேலை இன்னான்னு கேட்டேன். அது போதும்."

"தெருவுல பேசிக்கிறாங்க. ரெண்டு நாள் தண்ணிய நிறுத்துங்க, தானா கெளம்பிடுவாங்க. எழுத்துல ஒண்ணும் இல்லதானே?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாதாமாதம் சர்க்கரைப் பரிசோதனைக்கு இவர் கை நீட்டுவது அந்தப் பெண்ணிடம்தான். "அந்தப் பேச்சு இங்க வேணாம்" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் திண்டிவனம் போய்விட்டு மதியம் திரும்பினால், அவள் அம்மா தெருக்குழாயில் பிடித்த குடத்தோடு மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஓடிப் பார்த்தேன். மாடிக்குப் போகும் வால்வு அடைத்திருந்தது. திறந்துவிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண் என் வாசலில் நின்றாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே காலி பண்ணியிருப்போமேம்மா."

நான்தான் செய்தேன் என்று நினைத்திருக்கிறாள்! "நான் இல்லம்மா" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

விடிந்ததும் கோர்ட்டுப் பக்கம் இருக்கும் ஒரு வக்கீலிடம் போனேன். முதலில் திட்டு எனக்குத்தான்.

"வாய்ப்பேச்சுல வீடு விடுவீங்களா? எத்தன மாசம், யாரு ரிப்பேர் பாக்கணும், எப்ப நோட்டீஸ் குடுக்கணும், எல்லாம் எழுதிப் பதிவு பண்ணணும். எழுதலன்னாலும் தண்ணி, கரண்ட்ட நிறுத்தறதுக்கு ஓனரான உங்களுக்கே உரிமை கெடையாது. அவரு யாரு? சாதியச் சொல்லி வெளியேத்தப் பாத்தா அது கிரிமினல் கேசும்மா."

அந்த வக்கீலையே ஒப்பந்தம் எழுதச் சொன்னேன். அந்தப் பெண்ணை உட்காரவைத்து வரிவரியாகப் படித்துக் காட்டினேன். வீட்டுக்குள் நான் வருவதானால்கூட முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும் என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பிறகு கொழுந்தனார் வீட்டுக்குப் போனேன். "இன்னொரு வாட்டி வால்வுல கை வெச்சா நானே ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன்."

"வாடகைக்கு வந்தவங்களுக்காக சொந்தத்த விட்டுடுவீங்களா?"

"நீங்க அப்பிடி நெனச்சா, ஆமா."

அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. மகளுக்கு வளைகாப்பு செய்தார், எனக்குச் சொல்லவில்லை. மாடியில் அந்தப் பெண்ணும் அம்மாவும், அவளுக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வரும்வரை, ஒன்றரை வருடம் இருந்தார்கள். ஆனால் அந்த அம்மா கடைசிவரை தெருப்பக்கம் துணி காயப்போட்டதில்லை.

"நீங்க செஞ்சது நியாயம்தான்" என்று தெருவில் நாலைந்து பேர் என்னிடம் சொன்னார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. அதைக் கொழுந்தனார் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.