கரப்பான் தின்ற மாத்திரை

பெங்களூர் அல்சூரில் கரப்பான்பூச்சி ஒழிக்க ஆள் வேண்டுமென்றால், என் அக்கா சொர்ணத்தின் வீட்டுக்காரர் ஆதிகேசவனைத்தான் கூப்பிடுவார்கள். சமையலறைக்குள் நுழைந்து மூக்கை உறிஞ்சியே எந்த அலமாரிக்குப் பின்னால் குடித்தனம் நடக்கிறது என்று சொல்லிவிடுவார். மாமாவுக்கு ஒரு நோயும் உண்டு. சுற்றியிருப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாகக் காதில் விழும். ஒருமுறை அது முற்றி, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவரிடம், "என்னைப் பத்தி என்னய்யா பேச்சு?" என்று சண்டைக்குப் போனார். பிறகு மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். தினம் ஒரு மாத்திரை என்று ஆனபிறகுதான் மனிதர் தேறினார்.

வினை மகள் வாயில் வந்தது. பார்மசி படிக்கும் தீபிகா, "அப்பா, உங்க மாத்திரைக்கு மூலம் பீனோதயசின். அந்தக் காலத்துல அதைப் பூச்சி மேல அடிச்சிருக்காங்க" என்றாள் பெருமையாக. படித்ததை ஒப்பிக்க இந்தப் பிள்ளைக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை.

எந்தப் புது மருந்து வந்தாலும், பாட்டிலில் நாலு கரப்பானைப் பிடித்துப்போட்டுச் சோதித்துப் பார்ப்பது மாமாவின் தொழில் வழக்கம். தான் விழுங்க வேண்டிய மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரைப் பாகில் குழைத்து அவற்றுக்கு வைத்தார். தினமும் வைத்தார். கரப்பான்கள் நக்கித் தின்று மினுமினுத்தன.

கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் பாட்டிலைக் கண்டுபிடித்த அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் போய், மாத்திரையை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"கரப்பான் செத்தா அது விஷம், நான் சாப்பிடக் கூடாது. சாகலைன்னா அதுல சத்தே இல்ல, எதுக்குச் சாப்பிடணும்?" என்றார் மாமா.

எந்த வக்கீல் வந்தாலும் இதை உடைக்க முடியாது. அவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் அனுஷாவிடம் போனோம். மாமா சாட்சிக்குப் பாட்டிலையும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

"அய்யய்யோ, ஏனிது!" என்னது இதென்று டாக்டர் கன்னடத்தில் அலறி, நாற்காலியோடு பின்னால் போனார். தீபிகா சொன்னதை அக்கா விளக்கியதும் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தப் பூச்சிமருந்தை மாத்தி மாத்தித்தான் சார் மனுஷ மூளைக்குன்னு இதைச் செஞ்சாங்க. இது வேற, அது வேற. கரப்பானுக்குக் காதுல குரலா கேக்குது?" என்றார்.

"அதை எப்படி மேடம் அதுங்ககிட்ட கேக்குறது?"

"சரி, உங்களுக்குக் கேக்குதா?"

"சேச்சே. நல்லாத்தான் இருக்கேன்."

"பொய் மேடம்" என்றாள் அக்கா. "நேத்து மார்க்கெட்ல காய்க்காரம்மா கிண்டல் பண்றான்னு பையைப் போட்டுட்டு ஓடியாந்துட்டாரு. பழையபடி கதவைச் சாத்திக்குவாரோன்னு பயமா இருக்கு."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. டாக்டரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"அப்போ அந்தம்மா ஒண்ணுமே சொல்லலையா, சொர்ணம்?"

"இல்லைங்க. கொத்தமல்லி வேணுமான்னு கேட்டாங்க, அவ்ளோதான்."

மாமா கையை நீட்டினார். அக்கா பையிலிருந்து மாத்திரையை எடுத்து வைத்தாள். தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினார்.