சூரியன் இல்லாத பின்பலகை

வாளையாரில் லாரிகளுக்குப் படம் எழுதுவதுதான் என் பிழைப்பு. வண்டி நம்பர், சாமி பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் எழுதி முடித்த பிறகு பின்பலகையில் ஒரு காட்சி வரைய வேண்டும். காட்சி என்றால் எல்லோருக்கும் ஒன்றேதான். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, கரையில் ஓட்டு வீடு, ஒரு தென்னை. இருபது வருடமாக நான் உதிக்கவைத்த அளவுக்குச் சூரியன் தானாகக்கூட உதித்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். அந்த அளவுக்கு அலுத்துப் போயிருந்தது.

அப்போதுதான் பாலக்காட்டில் ஒரு பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஓவியப் புத்தகம் ஒன்று கிடைத்தது. எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் வரைந்தவை. பெரிய ஆட்களுக்குப் பத்துப் பத்துப் பக்கம் கொடுத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவருக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம், நாலே படம். அவர் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. போனில் தேடியும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

அவர் வரைந்ததெல்லாம் கிராமம்தான். குட்டை, மாடு, சேற்றுப் பாதை, துணி துவைக்கும் பெண்கள். படத்தில் முக்கால்வாசி ஆகாயம், அதுவும் மழைக்கு மூடிக்கொண்டு நிற்கிற சாம்பல் ஆகாயம். சூரியனே கிடையாது. ஆனால் வெளிச்சம் எங்கிருந்தோ வந்து குட்டைத் தண்ணீரில் கிடந்தது. மனுஷன் என்னைப் போலவே ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். ஒரு படத்தில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு வரையவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போன வருடம் ஒரு புது லாரி என்னிடம் வந்தது. வெகுகாலம் அடுத்தவர் வண்டிகளை ஓட்டிய ஒரு டிரைவர், முதன்முதலாகச் சொந்தமாக வாங்கியது. சிமெண்டு ஏற்றி ஏலப்பாறை வரைக்கும் மலையேறி, திரும்பும்போது தேயிலை கொண்டுவருகிற ஓட்டம். "எப்பவும் போல எழுதிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எப்பவும் போல எழுதவில்லை. அவரைக் கேட்கவும் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து அந்தப் பிரெஞ்சுக்காரரின் படம் ஒன்றைப் பின்பலகையில் வரைந்தேன். மழை மோடம் போட்ட கருத்த வானம், குட்டை, நாலு மாடு. மாட்டுக்குப் பின்னால் நமக்கு முதுகைக் காட்டியபடி, தூரத்து வீட்டைப் பார்த்து நடக்கிற ஓர் ஆள். படம் எழுதுகிறவன் என்று என்னை நானே நம்பியது அந்த மூன்று நாளில்தான்.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் மனைவியோடு வந்தார். மறுநாள் காலை முதல் லோடு. பலகையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"சூரியன் எங்கீங்க?"

"மோடத்துக்குப் பின்னாடி இருக்குதுங்க."

"மொத வண்டிங்க, மொத லோடு. இப்படி மோடம் போட்டு வெச்சா வெளங்குமா?" கிட்டே போய்க் குனிந்தார். "மாட்டுக்குத் திமிலையும் காணோம்."

"ஜெர்சிங்க" என்றேன். நானும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். "பிரான்சுல ஒருத்தர் வரைஞ்சதுங்க இது."

"அவருக்கென்னங்க, அவரா லோடு ஏத்தப் போறாரு?" பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "உள்ளங்கை அளவுக்கு ஒரு சூரியன மட்டும் வெச்சிருங்க. மத்ததெல்லாம் இருந்துட்டுப் போகட்டுங்க."

வண்டி அவருடையது. மஞ்சள் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை நனைத்தேன். அந்த வானத்தில் ஒரு சூரியனை ஒட்டவைத்தால் தண்ணீரில் கிடக்கிற வெளிச்சம் மொத்தமும் பொய்யாகிவிடும். அது எனக்குத் தெரிந்தது, அவருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொல்ல வெட்கமில்லை, அழுகை வந்தது.

அதுவரை பேசாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தம்மா கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இந்தப் படத்த நீங்களா பாக்கப் போறீங்க?"

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"நீங்க முன்னாடி உக்காந்து ஓட்டுவீங்க. வண்டி கெளம்பறப்ப ரோட்டுல நின்னு பின்னாடி பாக்கறவ நானுங்க. இத்தன வருசமா நீங்க போறப்பெல்லாம் சூரியனத்தான் பாத்துட்டு நின்னேன். ஒரு நாளாச்சும் அது உங்களச் சொன்ன நேரத்துக்குக் கூட்டியாந்திருக்குதா?" படத்திலிருந்த ஆளின் மேல் விரலை வைத்தார். பெயிண்ட் காய்ந்திருந்தது, நல்லவேளை. "இந்த ஆளப் பாருங்க. மாட்ட ஓட்டிட்டு ஊட்டுக்குப் போறாரு. மழைக்கு முன்னாடி போய்ச் சேந்துருவாரு. எனக்கு இதே இருக்கட்டுங்க."

அவர் மறுபடி குனிந்து, இந்த முறை அந்தத் தூரத்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மஞ்ச டப்பாவ மூடிருங்க" என்றார் என்னிடம். பிறகு தயங்கித் தயங்கி, "ஊட்டு வாசல்ல ஆரையும் காணோமேங்க" என்றார்.

அசல் படத்தில் வாசலில் யாரும் இல்லை. பிரெஞ்சுக்காரர் பொறுத்துக்கொள்ளட்டும் என்று சிவப்பைத் தொட்டு, பிரஷ் நுனியால் வாசலில் ஒரு பெண்ணை நிற்கவைத்தேன். கடுகளவுதான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி கிளம்பியது. நானும் அந்தம்மாவும் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தடி போனதும் நின்றது. அவர் இறங்கிப் பின்பக்கம் வந்து, பலகையில் வீட்டு வாசலில் நிற்கிற அந்தக் கடுகளவுப் பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.