ஹசீனா டீச்சரின் தண்ணீர்ப் பேரம்

பஸ் நிற்பதற்கு முன்பே ஹசீனா டீச்சரின் கை ஜன்னலுக்கு வெளியே வந்துவிடும். பாலக்கோடு தக்காளி மண்டி ஓரம் கூடையோடு நிற்பவர்கள் அந்தக் கண்ணாடி வளையல் கையை அடையாளம் கண்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பயனில்லை. "ஏம்ப்பா, இது தக்காளியா, எலந்தப் பழமா? இதுக்குப் போயி இந்த வெலையா?" என்று ஆரம்பித்தால், டிரைவர் கியர் மாற்றுவதற்குள் பேரம் படிந்து, தக்காளி மடியில் விழுந்து, கொசுறாக ஒரு பிடி கொத்தமல்லியும் வந்து சேர்ந்திருக்கும். நின்ற பஸ்ஸில் பேரம் பேசுவதை டீச்சர் மதிப்பதில்லை. "அது யாரு வேணா பேசலாம்" என்பாள்.

தருமபுரியில் வீடு. வீட்டுக்காரர் அப்துல் சுபான் தையல்கடை வைத்திருக்கிறார். மனைவியின் ரவிக்கையைத் தைக்கும்போது மட்டும் கூலி பேசாமல் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த விவேகி. டீச்சர் காரைமரத்துப்பட்டி தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மொறமொறவென்று அப்பளம் உடைகிற சத்தம் கேட்கும். குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் ஏழாம் வாய்ப்பாட்டை அவள் உரக்கச் சொல்லிக்கொடுக்க, சர்க்கரை ஆலையில் சங்கு ஊதிவிட்டது என்று எண்ணி ஒரு ஷிப்ட் ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நம்பாதவர்கள் அந்த வழி பஸ் கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

பேரம் தக்காளியோடு நிற்பதில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பையனிடம், "ரெண்டு பக்கம் எழுதுறியா, இல்ல ஒரு பக்கம் எழுதி ஒரு பாட்டுப் பாடுறியா?" என்பாள். பையன் பாட்டுக்குப் பயந்து இரண்டு பக்கம் எழுதிவிடுவான். மேகம் கறுத்தால் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "நாலு மணி பஸ் வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ, அப்புறம் விடியவிடியப் பெய்" என்பாள். மழையும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

அவள் செய்ததிலேயே பெரிய பேரம் ஒரு டம்ளர் விஷயத்தில். இந்த ஊருக்கு வந்த புதிதில் பள்ளியில் ஒரே பானைதான், ஆனால் குடிப்பது இரண்டு விதம். ஊருக்குள்ளிருந்து வரும் பிள்ளைகள் டம்ளரில் மொண்டு குடிப்பார்கள். காலனியிலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குனிந்து நிற்க, யாராவது மேலேயிருந்து ஊற்றுவார்கள். டீக்கடையிலும் காலனி ஆட்களுக்குத் தனி டம்ளர். அதிலும் படாமல் தூக்கித்தான் ஊற்றுவார்கள். டீச்சர் தன் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து, சங்கிலி கோத்துப் பானை மேடையில் கட்டினாள். "இனிமே எல்லாருக்கும் இதுதான். மொண்டு குடி, கவுத்து வை" என்றாள். ஊர் கொந்தளித்தது. ஒரு வாரம் பள்ளியில் ஈ ஓட்டினாள். ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினாள். ஒருவரிடம் கெஞ்சினாள், ஒருவரிடம் சீறினாள், ஒருவரிடம் அவருடைய பேத்திக்கு டீச்சர் வேலை வாங்கித் தருவதாகவே சொல்லிவிட்டாள். பேத்திக்கு அப்போது மூன்று வயது. கடைசியில் டம்ளர் நின்றது. பள்ளிக்கு எந்த அதிகாரி வந்தாலும் வருகைப் பதிவேட்டைக் காட்டுவதற்கு முன்னால் அந்த டம்ளரைக் காட்டுவாள்.

போன வருஷம் ஊருக்குக் காலரா வந்தது.

வாந்தியும் பேதியுமாக வீட்டுக்கு வீடு படுத்தார்கள். ஊரில் சிலரை மண்ணில் வைத்தார்கள். அதில் இரண்டாம் வகுப்பு மாதையனும் ஒருவன். பள்ளியை மூடினார்கள். பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிற முனியம்மாளைக் கட்டிலோடு தூக்கி மாட்டு வண்டியில் போட்டுத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முனியம்மாள் காலனியில் இருக்கிறவள், அவள் மகள் தீர்த்தம்மாள் ஐந்தாம் வகுப்பு. பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றி, எலும்பும் தோலுமாக எழுந்து வந்தாள்.

ஊர் கொஞ்சம் அடங்கியதும் சுகாதார ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்து பள்ளிக் கிணற்றில் மருந்துத் தூளைக் கரைத்துவிட்டார். மீசை இன்னும் சரியாக முளைக்காத பிள்ளை. "இது எங்கேயோ இந்தோனேசியாவுல கெளம்பி இருபது வருஷமா உலகத்தையே சுத்திக்கிட்டிருக்குங்க மேடம்" என்றார்.

"இருபது வருஷமா? அப்ப எங்க ஊரு பஸ்ஸுலதான் வந்திருக்கும்" என்றாள் டீச்சர்.

அவர் சிரிக்கவில்லை. பானை மேடையைப் பார்த்தார். "கெணத்துத் தண்ணி இப்ப நல்ல தண்ணி. ஆனா பானைக்குள்ள ஒருத்தர் விரல் பட்டாலும் போச்சு. இந்த டம்ளர மொதல்ல எடுங்க. ஆளுக்கொரு டம்ளர் வூட்லேர்ந்து கொண்டுவரட்டும். ஒருத்தர் மட்டும் நீளக் கரண்டியில மொண்டு, படாம தூக்கி ஊத்தணும். இல்லன்னா பள்ளிக்கூடத்தத் தொறக்காதீங்க."

டீச்சர் மாதையனின் இடத்தைப் பார்த்தாள். அன்றே சங்கிலியைக் கழற்றினாள். மறுநாள் பெற்றோரைக் கூட்டி, புங்கமரத்தடியில் நின்று சங்கு ஊதுகிற குரலில் அறிவித்தாள்: கைகழுவ சோப்பு உண்டு, வயிறு சரியில்லாத பிள்ளையை அனுப்பக் கூடாது, ஆளுக்கொரு டம்ளர், தண்ணீரைத் தூக்கித்தான் ஊற்றுவோம்.

ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். மரத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காலனிப் பெண்கள் எழுந்து, சேலையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் முதுகைப் பார்த்தபோதுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது டீச்சருக்கு உறைத்தது.

அன்றைக்கு நாலு மணி பஸ்ஸை விட்டாள். நேரே முனியம்மாளின் வீட்டுக்குப் போனாள். முனியம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு எந்திரிச்சு வந்துட்டீங்க எல்லாரும்? பேதி மறுபடியும் வரக் கூடாதுன்னுதானே சொல்றேன்?" என்றாள் டீச்சர்.

"நீங்க சொன்னது டீக்கடையில இருக்குதுங்க டீச்சர்" என்றாள் முனியம்மாள், முறத்தை நிறுத்தாமல். "ஆளுக்கொரு டம்ளரு, தூக்கி ஊத்துறது. அதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்?"

"அல்லா! அது வேற, இது வேறடி."

"உங்களுக்கு வேற. கீழ நிக்கற புள்ளைக்கு ஒண்ணுதாங்க."

டீச்சர் குனிந்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே தீர்த்தம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளி மூடிய பிறகு ஆடு மேய்க்கப் போகிறாளாம். காலனியில் பாதிப் பிள்ளைகள் ஆட்டோடு, மீதி செங்கல் சூளையில். ஒருமுறை அப்படிப் போன பிள்ளை சிலேட்டுப் பலகைக்குத் திரும்பி வந்ததை டீச்சர் பார்த்ததில்லை. பள்ளியைத் திறந்தும் இவர்கள் வராவிட்டால், அவள் திறந்தது எதற்கு? மொண்டு குடிக்கவிட்டால், அடுத்து எந்தப் பிள்ளையின் இடம் காலியாகும்?

"சரி, யாரு ஊத்தினா உங்க புள்ளைங்க குடிக்கும்?"

"யாரு ஊத்தினாலும் அவங்க கை மேல, எம் புள்ள கீழ."

"அப்ப நீ ஊத்து."

முறம் நின்றது. "என்னங்க?"

"நீதான் ஊத்தப்போற. காலனி, ஊரு, எனக்கு, அந்த மீசையில்லாத ஆபீசர் வந்தா அவருக்கும். எல்லார் டம்ளரும் கீழ. உன் கை மேல."

முனியம்மாள் சிரித்த சிரிப்பில் கேழ்வரகு பறந்தது. "பேதி எனக்கு வந்துச்சு, புத்தி உங்களுக்குக் கலங்கிருச்சுங்களா? பச்சியப்பருக்குத் தெரிஞ்சா கரண்டியோட என்னையும் கெணத்துல போட்டுருவாரு."

"கரண்டி கவுருமெண்டு சொத்து. போட வுடமாட்டேன்" என்றாள் டீச்சர்.

பச்சியப்பர் ஊரில் பெரிய தக்காளித் தோட்டக்காரர். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் உட்காருவார்கள். பேத்தி காசியம்மாள் இரண்டாம் வகுப்பு. மாதையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். டீச்சர் போனபோது அவர் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"வேற ஆளே கெடைக்கலையா டீச்சரம்மா? அவ கையால எங்க புள்ளைங்க குடிக்கணுமா?"

"சட்டங்க" என்றாள் டீச்சர், கண்ணை இமைக்காமல். "இந்த நோவு வந்து பொழச்சு எந்திரிச்சவங்களுக்குத்தான் அது மறுபடி அவ்வளவு சுளுவா வராதாம். ஆஸ்பத்திரியில சோதிச்சு சுத்தம்னு சொன்னவங்கதான் ஊத்தணும்னு மேலேர்ந்து வந்திருக்கு. உங்க வூட்ல யாருக்காச்சும் வந்து பொழச்சிருக்குதுங்களா? இருந்தாச் சொல்லுங்க, நாளைக்கே கரண்டியக் குடுத்துர்றேன்."

"நல்ல வார்த்த பேசுங்கம்மா!"

"அப்ப முனியம்மாதான்."

முனியம்மாளை ஆஸ்பத்திரியில் சோதித்தது உண்மை. மற்றபடி அந்தச் சட்டம் எந்த மேலிடத்திலிருந்து வந்தது என்றால், பாலக்கோட்டுக்கும் காரைமரத்துப்பட்டிக்கும் நடுவில் ஓடுகிற பஸ்ஸின் மூன்றாவது சீட்டிலிருந்து வந்தது. பச்சியப்பர் நம்பினாரா என்பது தெரியாது. அவர் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாதையன் பயலுக்கு நாந்தான் வண்டி கட்டினேன். பாலக்கோடு தாண்டல." டீச்சர் பக்கம் திரும்பினார். "என் பேத்திக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுவீங்களா?"

ஊரையே வார்த்தையால் வாங்கி விற்கிறவள் அந்த இடத்தில் மட்டும் பொய் சொல்லவில்லை. "அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஆனா எல்லாரும் மொண்டு குடிச்சா கட்டாயம் ஆவும். முனியம்மா ஊத்தினா ஆவறதுக்கு வழி கொறச்சல்."

"மொத நாளு நான் வந்து நின்னு பாப்பேன்" என்றார் பச்சியப்பர். "புடிக்கலன்னா புள்ளையக் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவேன். நான் போனா ஊரே போவும். தெரிஞ்சுக்குங்க."

திறந்த அன்று காலையில் பள்ளியைப் பார்த்தவர்கள் கல்யாண வீடு என்றுதான் நினைத்தார்கள். வாசலில் சுண்ணாம்புக் கோடு. கோட்டின் மேல் ஒரு கை தூரத்துக்கு ஒரு பிள்ளை. டீச்சர் ஒவ்வொரு விரலாக முகர்ந்து பார்த்து உள்ளே விட்டாள்.

"கைய கழுவினியாடா?"

"கழுவினங்க டீச்சர்."

"எதுல?"

"தண்ணியில."

"சோப்பு என்ன உங்க மாமியார் வூட்டுச் சீரா, பத்திரமா வெக்கறதுக்கு? போடா, போயி நுரை வர்ற வரைக்கும் தேய்."

வயிறு வலிக்கிறது என்று உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணைத் தட்டிக்கொடுத்து, அவள் அம்மாவோடு திருப்பி அனுப்பினாள். மூடி போட்ட பானை உயர மேடையில் இருந்தது. அதன் அருகே முனியம்மாள், இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவிய கையைக் காற்றில் நீட்டி உலர்த்திக்கொண்டு, தூக்குத் தண்டனைக்கு நிற்பவள் மாதிரி நின்றாள். காலனிப் பெண்கள் பிள்ளைகளோடு வேலிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. இந்தப் பக்கம் பச்சியப்பர், துண்டைத் தோளில் போட்டபடி. அவருக்குப் பின்னால் ஊர்.

இடைவேளை மணி அடித்தது. வரிசையில் முதலில் யாரை நிறுத்துவது என்பதையும் டீச்சர்தான் முடிவு செய்தாள். காசியம்மாள். அந்தச் சின்னப் பெண் பெயர் வெட்டிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். அவளுக்குத் தாகம், வேறொன்றும் தெரியாது.

முனியம்மாள் கரண்டியில் மொண்டாள். ஊற்றப் போனவள், அறியாமலே இடுப்பை வளைத்தாள். இன்னும் வளைத்தாள். பச்சியப்பரின் பேத்திக்கு முன்னால் அவள் உடம்பு தானாகவே கீழே போனது. கரண்டி டம்ளரின் விளிம்பைத் தொட ஒரு நூல்தான் பாக்கி.

"படக் கூடாது முனியம்மா. மேல தூக்கு" என்றாள் டீச்சர்.

"வர மாட்டேங்குதுங்க டீச்சர்" என்றாள் முனியம்மாள். "கை வர மாட்டேங்குதுங்க."

பச்சியப்பர் தோளிலிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டார். வேலிக்கு வெளியே தீர்த்தம்மாள் கம்பியை விலக்கித் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தாள்.

ஹசீனா டீச்சர் இந்த முறை பேரம் பேசவில்லை. நிதானமாக நடந்து வந்தாள். கஞ்சிச் சேலை ஈரத்தில் நனைவதைப் பார்க்காமல் பானைக்குப் பக்கத்தில் நின்று, முனியம்மாளின் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து மேலே தூக்கினாள். அந்தக் கை குழந்தையின் தலைக்கு மேலே போகும்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.