மாமாவின் தலையில் இறங்கிய குளிர்

யூனியன்வில்லில் வீடு தேடியபோது மனைவி கேட்டது சமைக்கப் பெரிய குசினி. நான் கேட்டது விறகு எரிக்கிற ஃபயர்பிளேஸ். வெளியே பனி கொட்ட, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நெருப்புக்கு முன்னால் இருந்து பகிடி விடுகிற ஒரு மனிதனாக என்னை நானே கற்பனை செய்து வைத்திருந்தேன். வீடு கிடைத்தது. நெருப்பும் கிடைத்தது. பகிடியைக் கேட்டுச் சிரிக்கத்தான் ஆளில்லை. பிள்ளைகள் இருவரும் தூரத்துப் பல்கலைக்கழகங்களுக்குப் போனதற்கு என் பகிடிதான் காரணம் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

அதனால் மாமா எங்களோடு வந்து இருக்கப்போகிறார் என்றபோது அவளைவிட எனக்குத்தான் அதிகம் சந்தோஷம். மனைவியின் தகப்பன். மாமி காலமான பிறகு சென் ஜேம்ஸ் ரவுணில், உயரமான கட்டடம் ஒன்றில் தனியாக இருந்தார். குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, அதை எங்களுக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார். கையில் கன்றியிருந்த நீலத்தைப் பார்த்துத்தான் மனைவி கண்டுபிடித்தாள். எவ்வளவோ மன்றாடிய பிறகு இறங்கி வந்தார்.

"கொஞ்ச நாள் இருந்து பாக்கிறன், தம்பி. ஒத்து வந்தால் அப்பாட்மென்ரை விடுவம். வராட்டி திரும்பக் கொண்டுபோய் விடும்."

என் பகிடிக்குத் தோள் குலுங்கச் சிரிக்கிற ஒரே சீவன் அவர். அவருக்கு வீட்டிலேயே நல்ல இடம் கொடுத்தேன்: ஃபயர்பிளேஸுக்குப் பக்கத்தில், ரி.வி நேராகத் தெரிகிற கதிரை.

காலையில் ஒரு குறையும் இல்லை. பின்னேரம் ஆனால் அவர் உடுப்புகள் கூடிக்கொண்டு போகும். முதலில் கம்பளித் தொப்பி. பிறகு மஃப்ளர். பிறகு ஜக்கெற். எங்கள் வரவேற்பறையில் அவர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் மாதிரி இருந்தார்.

"குளிருதோ மாமா?"

"சீச்சீ. நல்ல காத்தோட்டமான வீடு."

ஃபயர்பிளேஸுக்குள் கையை வைத்துப் பார்த்தேன். மேலே யாரோ ஃபிரிட்ஜைத் திறந்து வைத்ததுபோல, புகைபோக்கி வழியாகக் குளிர் பொதபொதவென்று இறங்கிக்கொண்டிருந்தது. புகைபோக்கியின் தொண்டையில் இருக்கிற இரும்புத் தட்டை, அதை டம்பர் என்பார்கள், இழுத்து மூடினேன். பழைய தட்டு, முழுதாக மூடவில்லை. சரி, நெருப்பைப் போட்டால் சூடாகும் என்று ஒருநாள் பின்னேரம் தட்டைத் திறந்து, விறகை அடுக்கிக் கொளுத்தினேன். புகை மேலே போக மறுத்து, எங்களோடு வந்து இருந்துவிட்டது. அலாரம் கத்தியது. மாமா ஜக்கெற்றோடு இருந்ததால் வெளியே ஓடுவது அவருக்கு மட்டும் சுகமாக இருந்தது.

அடுத்த முறை அறிவைப் பாவித்தேன். பழைய போர்வை ஒன்றைச் சுருட்டிப் புகைபோக்கிக்குள் அடைத்தேன். இரண்டு பின்னேரம் நின்றது. மூன்றாம் நாள், மாமா செய்தி பார்த்துக்கொண்டிருக்க, கரியோடு தொப்பென்று அவர் காலடியில் விழுந்தது.

மாமா கரியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, மேலை இன்னும் ஆரும் நிக்கினமோ? வரச் சொல்லும், தேத்தண்ணி குடுப்பம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொண்டுபோய் விடும். கோவம் ஒண்டும் இல்லை. அங்க சூடு நல்லா வரும்."

மனைவி குசினிக்குள் போய் நின்றுகொண்டு என்னிடம் மெல்லிய குரலில் சொன்னாள். "அவர் அங்க விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது? உங்கட நெருப்பு ஆசைக்கு என்ர அப்பாவைக் கலைச்சுப் போட்டியள்."

ஞாயிறு வந்தது. மாமாவின் பை வாசலில். சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவதாக ஏற்பாடு. மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தரிக்காய் பொரித்தாள். நான் கடைசி முயற்சியாகச் சாமிப்படத்தடியில் இருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு ஃபயர்பிளேஸுக்குள் தலையை விட்டேன். எந்த ஓட்டையால் குளிர் வருகிறது என்று புகை காட்டும் அல்லவா. புகை நேரே என் கண்ணுக்குள் வந்தது. இருமிக்கொண்டிருந்தபோது குசினியில் ரெலிபோன் அடித்தது. எண்ணெய்ச் சட்டியின் இரைச்சலோடு ஒன்றும் கேட்காது என்று மனைவி அடுப்புக்கு மேலே இரைந்துகொண்டு புகையை வெளியே தள்ளுகிற எக்ஸோஸ்ற் ஃபானை நிற்பாட்டினாள்.

ஊதுபத்திப் புகை கொஞ்சம் தடுமாறியது. பிறகு திரும்பி, மேலே போனது.

"இஞ்சாரும்! ஃபானைப் போடும்!" என்று கத்தினேன்.

"ஃபோன் கதைக்கிறன்!"

"போடும் எண்டுறன்!"

போட்டாள். புகை மறுபடி என் முகத்துக்கு வந்தது.

"நிப்பாட்டும்!"

"உங்களுக்கு என்ன விசரோ?" என்றவள், ரெலிபோனில், "இல்லையக்கா, இவர் அடுப்புக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்கிறார்" என்றாள்.

விஷயம் இதுதான். கறிவாசம் ஜக்கெற்றில் ஏறக்கூடாது, வேலையிடத்தில் யாரும் மூக்கைச் சுளிக்கக்கூடாது என்று, உணவகங்களில் பூட்டுகிற அளவு பெரிய ஃபானைக் குசினியில் பூட்டியிருந்தோம். மிளகாய் வறுத்தாலும் தும்மல் வராது. அதோடு, குளிர் வரக்கூடாது என்று எல்லா ஜன்னல்களிலும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஒரு கீறல் விடாமல் நான்தான் அடைத்தேன். ஃபான் வீட்டுக் காற்றையெல்லாம் வெளியே தள்ள, வீடு மூச்சு எடுக்க இருந்த ஒரே வழி புகைபோக்கி. மாமாவுக்கு விருப்பமான கறியெல்லாம் மனைவி பின்னேரத்தில் சமைக்கச் சமைக்க, அவர் தலையில்தான் குளிர் இறங்கியிருக்கிறது.

குசினி ஜன்னலின் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். விரல் நுழைகிற அளவு திறந்துவிட்டு, ஃபானைப் போடச் சொன்னேன். ஊதுபத்திப் புகை மேலேயே போனது. மனைவி அகப்பையோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"அப்ப என்ர கத்தரிக்காய்தானோ அப்பாவை நடுங்க வைச்சது?"

"என்ர பிளாஸ்டிக்கும்தான்" என்றேன். பாதிப் பழியையாவது அவள் எடுத்தது எனக்குப் பெரிய நிம்மதி.

சமையல் முடிந்து ஃபானை நிற்பாட்டிய பிறகு நெருப்புப் போட்டேன். முதலில் பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி மேலே பிடித்துப் புகைபோக்கியைச் சூடாக்கிவிட்டுத்தான் விறகுக்கு வைத்தேன். புகை மரியாதையாக மேலே போனது. மூவரும் சோற்றுக் கோப்பைகளோடு அதற்கு முன்னால் இருந்தோம். மாமா மஃப்ளரைக் கழற்றினார். பிறகு ஜக்கெற்றையும்.

நான் காரை எடுப்பதற்காக எழும்பினேன். ஏற்பாடு ஏற்பாடுதானே. மனைவி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தம்பி போறீர்?"

"உங்களைக் கொண்டுபோய் விட, மாமா."

"சனிக்கிழமை போவம். வாடகைக்குப் பெரிய வானாக எடும்" என்றார், நெருப்பைப் பார்த்தபடியே. "அங்க கிடக்கிற என்ர கட்டிலை உந்தச் சின்னக் காருக்குள்ள ஏத்தேலாது."