எண் ஏழு ரத்து செய்யப்படுகிறது

அந்தப் பெண்கள் கால்பந்துப் போட்டியில் அறிவிப்பாளர் வேண்டுமென்றே வேடிக்கை செய்தார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். தவறு. ஆட்டக் குறிப்பு எழுதுபவனாக எல்லா ஆட்டங்களுக்கும் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் ரயில் நிலைய அறிவிப்பாளர். பல நாடுகள் கலந்துகொண்ட அந்த விளையாட்டு விழாவில் நீச்சலும் ஓட்டப்பந்தயமும் பேர்பெற்ற குரல்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டன. பெண்கள் கால்பந்துக்கு ஆளில்லை. மைதானத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் நிலையம். ஒருங்கிணைப்பாளர் நிலைய மேலாளரைக் கூப்பிட்டு, “தெளிவாப் பேசற ஒருத்தரை அனுப்புங்க, போதும்” என்றார். வந்தவர் இவர். நிலையத்தில் இவருக்கு ‘நடைமேடை அக்கா’ என்று பெயர்.

தெளிவாகத்தான் பேசினார். முதல் ஆட்டத்தில் மைக் விசையை அழுத்தியதும் கணீரென்று வந்தது குரல்: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு!”

கேலரியில் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வாய் பழகிய தடத்தில்தான் ஓடியது. பச்சை அணி களமிறங்கத் தாமதமானபோது, “பச்சை அணி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்” என்றார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது, “வருந்துகிறோம்” என்றார். பச்சை அணியின் ஏழாம் எண், நெட்டையான முன்கள ஆட்டக்காரி, வெளியே அழைக்கப்பட்டபோதுதான் வந்தது வினை.

“எண் ஏழு இன்று ரத்து செய்யப்படுகிறது. அதற்குப் பதிலாக எண் பதினான்கு இயக்கப்படும். சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

மைதானமே குலுங்கிச் சிரித்தது. மறுநாள் ஆட்டத்துக்கு நீச்சல் பார்க்கப் போயிருந்த கூட்டத்தில் பாதி இங்கே வந்துவிட்டது. கூடவே பச்சை அணி மேலாளரின் புகாரும் வந்தது. மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஆட்டக்காரியை ரத்து செய்ய இந்த அம்மா யார் என்பது மேலாளரின் கேள்வி.

ஒருங்கிணைப்பாளர் மாடியேறி எங்கள் கண்ணாடி அறைக்கு வந்தார். எப்போதும் கழுத்தில் அடையாள அட்டைகள் மூன்று தொங்கும். கோபம் வந்தால் மூன்றும் ஆடும்.

“மேடம், இது ஸ்டேஷன் இல்ல. அரையிறுதியில ரயில் வார்த்தை ஒண்ணு வந்தாலும் ஃபைனலுக்கு ரேடியோக்காரரைப் போட்டுடுவேன். பேசி வெச்சாச்சு.”

“வராது சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“வராது சார். தாமதமாக்கூட வராது.”

மூன்று அட்டைகளும் ஆடின. அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். வயதில் மூத்தவன் என்பதால் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“மாமா, ஸ்டேஷன்ல என் ரூம் மாடிப்படிக்குக் கீழ. ஜன்னல் கிடையாது. எதிர்ல வெறும் சுவரு. இத்தனை வருஷத்துல நான் வருதுன்னு சொன்ன ஒரு ரயிலையும் வரும்போது பாத்ததில்ல. இங்கதான் சொன்னதும் கண்ணு முன்னால ஓடி வர்றாங்க. ஃபைனலை எப்படி மாமா விடறது?”

அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கண்ணாடிதான்.

அன்றிரவு வீட்டில் நடந்ததை அவர் சொல்லிக் கேட்டேன். பிறகு அவருடைய நாத்தனாரிடமும் விசாரித்துச் சரிபார்த்துக்கொண்டேன். நாத்தனார் தையல்காரி. தையல் மிஷின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை. அண்ணிக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

சாப்பிடும்போது திடீரென்று, “அண்ணி, உப்பு எங்க?” என்றார்.

“உப்பு இன்னும் சற்று நேரத்தில்...”

“போச்சு! மைக் போச்சு!”

“எத்தனாவது நடைமேடைக்கு வருதுன்னு கேளு, நான் போய் நிக்கறேன்” என்றார் அக்காவின் கணவர்.

“நீ சும்மா இருண்ணா, உன்னையும் ரத்து பண்ணிடப் போறாங்க. அண்ணி, சொல்லுங்க. ‘வெளியேறுகிறார். உள்ளே வருகிறார்.’ அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினா வாயில நூலைக் கோத்துடுவேன்.”

பாத்திரம் கழுவும்போதும், பாய் விரிக்கும்போதும் அக்கா அதையே முணுமுணுத்திருக்கிறார்.

அரையிறுதி. பச்சை அணிக்கும் வெள்ளை அணிக்கும். கேலரியில் இடமில்லை, படிகளிலும் ஆட்கள். அக்கா எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்தார். அணிகளின் பெயர்கள், ஆட்டக்காரிகளின் பெயர்கள், வேறொன்றும் இல்லை. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. பந்து கோலுக்கு மேலே பறந்தபோது அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டு எங்கள் அறையை அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா உதட்டை மடித்துக்கொண்டார். கீழே ஒருங்கிணைப்பாளர் திருப்தியாகத் தலையாட்டினார். யாரோ ஒருவர், “அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கத்திக் கேட்டார்.

இரண்டாம் பாதியில் ஏழாம் எண் தலையால் முட்டி ஒரு கோல் போட்டாள். ஆட்டம் முடியும் தறுவாயில் கால் பிடித்துக்கொண்டு நொண்டினாள். கோட்டருகே மாற்று ஆட்டக்காரியின் பலகை உயர்ந்தது. ஏழு வெளியே, பதினான்கு உள்ளே.

மைதானம் அப்படியே அடங்கியது. அக்கா விசையை அழுத்தினார்.

“எண் ஏழு வெளியேறுகிறார்” என்றார். மூச்சு வாங்கினார். “எண் பதினான்கு உள்ளே வருகிறார்.” விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அந்த அமைதியில், கிழக்கு கேலரியிலிருந்து மிஷின் சத்தத்தைத் தாண்டக்கூடிய ஒரு குரல் எழுந்தது.

“சிரமத்திற்கு?”

மைதானம் மொத்தமும் ஒரே தொண்டையாகச் சொன்னது: “வருந்துகிறோம்!”

ஏழாம் எண் நொண்டுவதை நிறுத்தினாள். நாலு பக்கமும் திரும்பி, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, சிரித்துக்கொண்டே வெளியே போனாள்.

ஆட்டம் முடிந்தது. பச்சை அணி இறுதிக்குப் போனது. ஒருங்கிணைப்பாளர் மேலே வந்து சேர்ந்தபோது அட்டைகளில் ஒன்று முதுகுப் பக்கம் போயிருந்தது.

“நீங்கதானே சொல்லிக் குடுத்தது?”

“நான் எழுதினதைத்தான் வாசிச்சேன் சார்.”

“அப்ப அந்தக் குரல் யாரு?”

“கேலரி முழுக்க ஜனம். ஒவ்வொருத்தரையும் எனக்குத் தெரியுமா சார்?” என்றார் அக்கா, மிகுந்த பணிவோடு.

ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்தார். “இவங்க சொன்னது ரெண்டு வாக்கியம். ரெண்டுலயும் ரயில் இல்ல” என்றேன். அது உண்மை.

அவர் அடுத்த கேள்வியைத் தொடங்குவதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் வந்தார். “மேலாளர் புகாரைத் திரும்ப வாங்கிக்கிறார் சார். ஏழாம் நம்பர் பொண்ணு ஒண்ணு கேக்கச் சொன்னா. இதுவரைக்கும் எந்த நாட்டுலயும் அவளை வெளிய அனுப்பினதுக்கு யாரும் வருத்தப்பட்டதில்லையாம். ஃபைனல்லயும் வருத்தப்படுவாங்களான்னு கேக்கறா.”

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். கூட்டம் கலையாமல் நின்றிருந்தது. பெருமூச்சு விட்டு போனை எடுத்தார்.

“ரேடியோ சாரா? வணக்கம் சார். ஃபைனல் விஷயமா... ஒரு சின்ன மாற்றம். அன்னைக்கு உங்க நிகழ்ச்சி வந்து... எப்படிச் சொல்றது... ரத்து செய்யப்படுகிறது.” எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “ஆமா சார். உங்களுக்குப் பதிலா இவங்கதான். சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா சட்டென்று கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் தெரியவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. கீழே கிழக்கு கேலரியில் தையல்காரி பெஞ்சு மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.