சீத்தாப்பூவுக்கு மூன்று இதழ்

நான் உயிரியல் ஆசிரியை. எங்கள் ஆய்வகத்தின் உதவியாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிளேடு அக்கா. பத்தொன்பது வருடமாகச் செய்முறைத் தேர்வுக்குப் பூ கொண்டுவருவது அவள்தான். விடிவதற்குள் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, பிளேடால் நெடுக்காக அறுத்து, எண் ஒட்டிய தட்டில் வைப்பாள்.

அந்த வருடம் நான்காம் தட்டில் அவள் வீட்டுச் சீத்தாப்பூ. ஒருவித்திலையா, இருவித்திலையா என்பது கேள்வி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பூவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்று இதழா, அப்படியானால் ஒருவித்திலை என்று விடைக்குறிப்பில் எழுதிவிட்டார். சீத்தாவை நெல்லுக்கும் புல்லுக்கும் பங்காளி ஆக்கிவிட்டார் மனுஷன்! மனப்பாடக் கூட்டம் அதையே எழுதித் தப்பித்தது. ஒருத்தி மட்டும் பூவோடு இருந்த இலையின் வலைநரம்பைப் பார்த்து, இருவித்திலை என்று எழுதினாள். இரண்டு மதிப்பெண் போனது, அந்த இரண்டில் தேர்வே போனது. நர்சிங் சேரக் காத்திருந்த பெண்.

அக்கா கொதித்துப்போனாள். "சார், அந்த மரத்தை விதை போட்டு வளர்த்தவ நான். முளைக்கும்போது ரெண்டு இலைதான் விட்டுச்சு."

"தட்டு கழுவுறதுதான் உன் வேலை. அதைப் பாரு," என்றார் அவர்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவர் ஒரு பிள்ளையின் பிழைப்பையே கெடுத்தார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மாலையே அக்கா உடைந்த பீக்கரில் மண் போட்டு ஆறு சீத்தா விதைகளை ஊன்றினாள். "சீக்கிரம் முளைங்கடி, எனக்குப் பொறுமை இல்ல," என்று தினமும் அதற்குத் திட்டு.

ஐந்தாவது வாரம் அந்தப் பெண் கேட்டிருந்த மறுமதிப்பீட்டு விசாரணை. அதிகாரியின் மேசையில் அக்கா பீக்கரை டொக்கென்று வைத்தாள். நான்கு கன்றுகள் விதைத்தோலைக் கழற்றிவிட்டு நின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு வித்திலை.

"நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"எட்டாவது சார். இந்த விதை அதுகூடப் படிக்கல."

மதிப்பெண் திரும்பி வந்தது. ஆனால் நர்சிங் சேர்க்கை முந்தின வாரமே முடிந்திருந்தது.

படியிறங்கும்போது, "நல்லா கேட்டீங்கக்கா," என்றேன்.

அவள் நின்றாள். "டீச்சர், விடைக்குறிப்புல அவர் கையெழுத்துக்குக் கீழே உங்க கையெழுத்தும் இருக்கு. சீத்தா ரெண்டு வித்திலைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். வெளியாளிடம் நமக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து அது.

"விதை முளைக்க அஞ்சு வாரம் ஆச்சு. நீங்க வாயைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று கேட்டு, பீக்கரை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.