போனஸ் கோட்டுக்கு நாலு விரக்கடை

"யோவ் மார்க்கர், சீக்கிரம் சொல்லுய்யா! யாரை அனுப்புறது?"

முப்பது செகண்ட் டைம்-அவுட்டில் பாதி இந்தக் கேள்வியிலேயே போய்விட்டது. கேட்டவர் எங்கள் கல்லூரியின் பிசிக்கல் டைரக்டர், நாங்கள் பி.டி. சார் என்போம். இடம் சிதம்பரம். 2007இல் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான கபடி இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் இருபத்தாறு பாயிண்ட். மிச்சம் இருந்தது ஒரே ரைடு, அதுவும் எங்களுடையது. எதிரணியில் ஏழு பேரும் உள்ளே நின்றார்கள். எங்களுக்கு வேண்டியது ஒரு பாயிண்ட்.

பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் தயங்கினேன். ஏன் தயங்கினேன் என்று தெரிய மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

1. கோடு போட வந்தவன்

2004இல் கடலூரில் ஒரு கல்லூரியில் மார்க்கராகச் சேர்ந்தேன். கிரவுண்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்று அடிப்பது, இதுதான் மார்க்கர் வேலை. பி.டி. சார் பேஸ்கட்பால்காரர். முதல் வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"கபடியில எனக்கு மூச்சு விடவும் தெரியாது, அடக்கவும் தெரியாது. நீதான் சாயங்காலமானா அந்தக் கோர்ட்டுலயே கெடக்குற. பசங்கள நீயே பாத்துக்கய்யா."

நான் படித்து வந்தவன் இல்லை. திருவிழா ஆட்டங்களில் வேலியோரம் நின்று பார்த்ததும், அம்பயர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சந்தேகம் கேட்டதும்தான் என் படிப்பு. "கேக்குறவன் கொஞ்ச நேரம் முட்டாள், கேக்காதவன் கடைசி வரைக்கும் முட்டாள்" என்று ஓர் அம்பயர் சொன்னார். டீ அவருக்கு, பழமொழி எனக்கு.

2. ஒரு மீட்டருக்கு யார்?

கபடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடிக்கொண்டு போகிற ரைடர் எதிரணிப் பக்கத்தில் முதலில் தாண்ட வேண்டியது பாக் லைன். அதற்கு ஒரு மீட்டர் உள்ளே இருப்பது போனஸ் லைன். எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது, ரைடர் ஒரு காலை போனஸ் லைனுக்கு அப்பால் வைத்து, பின்காலைத் தூக்கிவிட்டால் ஒரு பாயிண்ட். யாரையும் தொட வேண்டியதில்லை. பத்திரமாகத் திரும்பி வந்தால் போதும்.

ஆக, ஒரே ஒரு பாயிண்ட் வேண்டும் என்கிற நேரத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, முட்டி மோதி எவனையாவது தொட்டுவிட்டு வருவது. அதற்கு எங்களிடம் செல்வம் இருந்தான். நெல்லிக்குப்பத்துப் பையன். எடை பார்க்கிற அன்று பட்டினி கிடந்தால்தான் கபடிக்கான எடை வரம்புக்குள் வருவான். இன்னொன்று, காலை நீட்டி போனஸ் எடுப்பது. அதற்கு வீரமணி. காட்டுமன்னார்கோயில் பக்கம். பனைமரத்துக்குப் பனியன் போட்டது போல உயரம்.

என் கணக்கு எளிது. எதிரே நாலு பேர் நின்றால் செல்வம். ஏழு பேரும் நின்றால் வீரமணி. ஏழு பேருக்கு நடுவே மோதப் போவது எறும்புப் புற்றில் விரலை விடுவது போல.

3. வீட்டில் புலி, வெளியில் எலி

இந்தக் கணக்கு எங்கள் கிரவுண்டில் பிசகியதே இல்லை. வீரமணி போனால் போனஸ்தான். வெளியூர் போனால் மட்டும் என்னவோ ஆகிவிடும். காலை நீட்டுவான், வைப்பான், அம்பயர் உதட்டைப் பிதுக்குவார். கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே நிற்கும் கால். திரும்புவதற்குள் கணுக்காலைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்.

"வீட்டுல எலி, வெளியில புலின்னு கேள்விப்பட்டுருக்கோம். நீ என்னா மச்சான் தலகீழா இருக்குற?" என்று செல்வம் ஓட்டுவான்.

"பயம்யா. வெளியூர் மண்ண மிதிச்சதும் கால் சுருங்கிடுது" என்பார் பி.டி. சார்.

நானும் சும்மா இல்லை. தைரியம் பற்றி அவனுக்கு நான் எடுத்த வகுப்புகளை வைத்து ஒரு பட்டப்படிப்பே நடத்தலாம். ஒரு பூசத்தன்று வடலூருக்கே கூட்டிக்கொண்டு போனேன். "ஜோதியப் பாத்து பயம் போவணும்னு வேண்டிக்கடா" என்றேன். கண்ணை மூடி நின்றான் பாவம். வெளியே வந்ததும், "அண்ணே, எனக்கு பயமா இருக்குற மாதிரியே தெரியலண்ணே. ஆனா எல்லாரும் சொல்றீங்க, இருக்கும்போல" என்றான்.

2007 அவனுக்குக் கடைசி வருஷம். யூனிவர்சிட்டி டீமில் இடம் கிடைத்தால் வரும் சர்டிபிகேட், போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உதவும். வீட்டில் அதைத்தான் நம்பியிருந்தார்கள். டீம் எடுப்பவர்கள் சிதம்பரத்து இறுதி ஆட்டத்துக்கு வந்து, ஷாமியானா நிழலில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

4. காதர் பாயின் டேப்

அரை இறுதி முடிந்ததும், தேய்ந்துபோன கோடுகளை அந்தக் கல்லூரியின் மார்க்கர் காதர் பாய் திருத்திக்கொண்டிருந்தார். நானும் கைகொடுத்தேன். தொழில்காரன் புத்தி, சும்மா இருக்குமா?

"பாய், உங்க போனஸ் லைன் உள்ள தள்ளிப் போயிருக்கு" என்றேன்.

"எத வச்சு சொல்ற மச்சான்?"

"கண்ணுதான். மூணு வருசமா தெனம் போடுறேன்ல."

அவர் ஸ்டீல் டேப்பை இழுத்து வைத்தார். பாக் லைனிலிருந்து சரியாக ஒரு மீட்டர்.

"நம்பிக்க இல்லன்னா டேப்புக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து தனியா விசாரி" என்றார். "நீ எத வச்சு அளப்ப?"

"முடிச்சு போட்ட கயிறு."

சொல்லும்போதே அந்தக் கயிற்றின் கதை ஞாபகம் வந்தது. சேர்ந்த புதிதில், பி.டி. சார் ரூமிலிருந்து டேப்பை வாங்கி ஒரே ஒரு முறை அளந்து, கயிற்றில் முடிச்சுகள் போட்டு வைத்துக்கொண்டேன். வெளிக்கோடுகளுக்கு மூலையில் கல் நட்டிருந்தது. உள்கோடுகளுக்கு அந்தக் கயிறுதான். அந்த மழைக்காலத்திலேயே பாக் லைன் முடிச்சுக்கும் போனஸ் முடிச்சுக்கும் நடுவில் கயிறு இற்று அறுந்தது. இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டி வேலையைப் பார்த்தேன். கட்டிய முடிச்சு எவ்வளவு கயிற்றைத் தின்றது என்று பார்க்கவில்லை. தரையில் விரல் வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்குப் பழகிய இடத்துக்கும் அவர் கோட்டுக்கும் நாலு விரக்கடை.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் மச்சான்" என்று காதர் பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீரமணியின் கால் சுருங்கவே இல்லை. தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டரைத்தான் நான் அவனுக்கு ஒரு மீட்டர் என்று பழக்கியிருந்தேன்.

ஆட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வீரமணி பத்தடி தூரத்தில் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பி.டி. சார் நின்றார். சொல்லப் போனேன். "ஏன் அண்ணே மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று அவனே கேட்டான். "வெயிலுடா" என்று சொல்லிவிட்டேன்.

5. டைம்-அவுட்

முதல் பாதியில் அவன் மூன்று முறை போனஸுக்குப் போனான். மூன்று முறையும் கோட்டுக்கு இந்தப் பக்கம். இரண்டு முறை பிடிபட்டான். ஷாமியானாவில் ஒருவர் பேப்பரில் எதையோ அடித்தார். இடைவேளையில் பி.டி. சார் அவனை வெளியே உட்கார வைத்தார். துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"வீரமணிய அனுப்புங்க சார்" என்றேன்.

"அவனா? மூணு தடவ பாத்தியா இல்லியா? செல்வம் போவட்டும்!"

"சார், தப்பு அவன் மேல இல்ல. நம்ம கிரவுண்டுல கோடு தப்பு. நாலு விரக்கடை கிட்டத்துல போட்டுட்டேன். மூணு வருசமா."

பி.டி. சார் என்னைப் பார்த்தார். "இது முப்பது செகண்டுல சொல்ற சேதியாய்யா?"

செல்வம் குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "அடப்பாவி அண்ணே, இவன ஜோதிக்கு வேற கூட்டிட்டுப் போனீங்களே! சார், நான் போவல. அவனே போவட்டும்."

வீரமணி சிரிக்கவில்லை. "எவ்ளோ?" என்று கேட்டான். நாலு விரலைச் சேர்த்துக் காட்டினேன். தன் நாலு விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். போதும்னு உன் கால் சொல்லும். கேக்காத. அதுக்கப்பறம் நாலு விரல். உனக்கு எட்டாதுன்னு அவுங்க முடிவே பண்ணிட்டாங்க, எடத்த விட்டு அசைய மாட்டாங்க."

பி.டி. சார் ஒருத்தனை வெளியே கூப்பிட்டு வீரமணியை உள்ளே தள்ளினார். விசில் ஒலித்தது.

அசையத்தான் இல்லை. வலது கார்னரில் நின்றவன் இடுப்பில் கை வைத்து, "வா மச்சான், இன்னிக்குள்ள எட்டிடுவியா?" என்றான். வீரமணி பாடிக்கொண்டே இடது பக்கம் ஒரு பொய் அடி வைத்து, வலது காலை நீட்டினான். வழக்கமாக நிற்கிற இடத்தில் அந்தக் கால் நிற்கவில்லை. உடம்பு ஏறக்குறைய தரையைத் தொட, குதிகால் கோட்டுக்கு அப்பால் பதிந்தது. பின்கால் எழுந்தது. கார்னரில் நின்றவன் குனிந்து பிடித்தபோது கையில் மண்தான் வந்தது.

வீரமணி நடுக்கோட்டைத் தாண்டித் திரும்ப, அம்பயர் போனஸ் என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

6. பஸ்ஸில்

யூனிவர்சிட்டி டீம் பட்டியலை அங்கேயே படித்தார்கள். செல்வத்தின் பெயர் மூன்றாவதாக வந்தது. வீரமணியின் பெயர் பன்னிரண்டாவது, அதாவது கடைசி. "முதல் பாதி சுமார், ஆனா நெருக்கடியில நிக்கிறான்" என்று ஒருவர் பி.டி. சாரிடம் சொன்னாராம். சர்டிபிகேட்டில் வரிசை எண் போடுவதில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

திரும்பும்போது பஸ்ஸில் பையன்கள் ஆளுக்கு நாலு விரலைக் காட்டி என்னைக் கும்பிட்டார்கள். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடமும் செல்வம் நாலு விரலைக் காட்ட, அவர் நாலு டிக்கெட் கிழித்துவிட்டார். வீரமணி மட்டும் விரலைக் காட்டாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புதுச்சத்திரம் தாண்டிய பிறகு கேட்டான்.

"எப்ப தெரியும் அண்ணே?"

"ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்ன."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சுடா."

"மூணு வருசம் தெரியாம நடந்தது அண்ணே. அத நான் கணக்குல வைக்கல. அந்த அரை மணி நேரந்தான்..." என்றான். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

கோடு போடுகிற வேலைக்கும், டீம் பார்க்கிற வேலைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இதுதான். கோடு தப்பிப் போகும். எனக்குப் போனது, உங்களுக்கும் போகும். தெரிந்த நிமிஷமே, கையில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்போதே, போய்ச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னது கடைசி ரைடுக்குத்தான் உதவியது. முதல் பாதி முழுக்க அவன் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கி ஆடினான். அந்த இருபது நிமிஷத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க எந்த ரூல் புத்தகத்திலும் வழி இல்லை.